முப்பத்தோராம் மருந்தின் முட்டைகள்

இடுக்கித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஆசீர்வாதத்துக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. பாலக்காட்டில் ஒரு சிறிய மருந்தாராய்ச்சிக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக முட்டை பார்ப்பது அவர் வேலை.

வட்டவடை என்ற மலையூரின் பூண்டு வயல் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர், பாக்டீரியாவைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. வைரஸை அது ஒன்றும் செய்யவில்லை. கூடத்தின் ஆராய்ச்சியாளர் டாக்டர் சிசிலி அந்தப் பொருளில் ஒரு பகுதியை நீக்கி, வேறொன்றை ஒட்டி, வைரஸையும் தடுக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகள், முப்பது மாற்றங்கள். முப்பதும் தோற்றன.

சோதனை கரு வளரும் கோழிமுட்டைகளில் நடக்கும். எல்லாவற்றிலும் கோழிகளைக் கொல்லும் கழிச்சல் நோயின் வைரஸைச் செலுத்துவார்கள். ஒரு தட்டுக்கு மட்டும் மருந்தும் சேரும். மூன்றாம் நாள் ஆசீர்வாதம் இருட்டறையில் ஒவ்வொன்றாக விளக்கின்மேல் வைப்பார். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர்.

1976 பிப்ரவரியில் முப்பத்தோராம் மருந்து இருபதில் பதினேழைப் பிழைக்க வைத்தது. மருந்தில்லாத இருபதும் செத்தன. சிசிலி கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

மார்ச் 9, செவ்வாய். ஆசீர்வாதம் முட்டை வாங்கக் கொல்லங்கோட்டுக்குப் போனார். ஊரெங்கும் கழிச்சல், வழக்கமாக முட்டை தரும் கமலாத்தாள் வீட்டில் மட்டும் கோழிகள் திமிராக மேய்ந்தன.

"வாங்கண்ணா. வாங்கற முட்டையெல்லாம் அவிச்சுத் தின்னுபோட்டு ஆராய்ச்சின்னு எழுதறீங்களாக்கும்?"

"உங்க கோழி மட்டும் எப்படிம்மா தப்பிச்சது?"

"இந்தத் தை மாசந்தான் மொதமொதல்ல கழிச்சலுக்கு ஊசி போட்டமுங்க. பக்கத்து ஊட்டுச் சுப்பாத்தாக்கா வேண்டாம்னுட்டாங்க. இப்ப அவிங்க ஊட்டுல பாதிக்கோழி போச்சு."

ஆசீர்வாதம் கூடையைக் கீழே வைத்தார். ஊசி போட்ட கோழியின் எதிர்ப்பு முட்டைக்குள்ளும் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். கமலாத்தாளின் முட்டைகள் பெரியவை. அவற்றைத்தான் மருந்துத் தட்டில் அடுக்குவார். மற்றத் தட்டுக்குச் சுப்பாத்தாளின் சிறு முட்டைகள்.

திரும்பும் பஸ்ஸில், சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒருமுறை நினைத்தார். கட்டுரை வெள்ளிக்கிழமை தபாலில் போகவிருந்தது. இறங்கி நேரே சிசிலியின் அறைக்குப் போனார்.

"டாக்டரம்மா, அந்தப் பதினேழும் மருந்தால பிழைக்கல போலிருக்கு."

எல்லாவற்றையும் சொன்னார். சிசிலி பேனாவை மூடினார்.

"அப்படி அடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலம்மா. சாகப்போற தட்டுக்கு எதுக்கு நல்ல முட்டைன்னு..."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமாம்மா."

"ஆறு வருஷத்துல கிடைச்ச ஒரே பலனும் உங்க சிக்கனத்துல போச்சு, அண்ணே." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது ஆசீர்வாதத்துக்கு.

ஊசி போடாத கோழிகளின் முட்டைகளை மட்டும் வைத்து மறுபடி செய்தார்கள். மார்ச் 27 அன்று மருந்துத் தட்டில் பத்தொன்பது செத்திருந்தன.

"இருபதாவதை நல்லாப் பாருங்க."

"நரம்பு இருக்கும்மா. ஆனா மங்கல்."

மாலைக்குள் அதுவும் அணைந்தது. முப்பத்திரண்டாம் மருந்திலிருந்து முட்டைகளைச் சிசிலியே கலந்து அடுக்கினார். ஆசீர்வாதம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.