கேஸ் பாய் விட்ட ஓட்டை

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் போகிற பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டினார்கள். அதற்குள் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதினால் கேஸ் பிறக்கும். அந்தக் கேஸில் பஸ் ஓடும் என்றார்கள். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. நம்பி ஏறிய மீதிப்பேர் மேட்டில் இறங்கித் தள்ளினார்கள். உருளையை மேய்க்கிற வேலை மெக்கானிக் ஃபக்ருதீனுக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஊர் அவர் பெயரை மறந்துவிட்டு, கேஸ் பாய் என்றே கூப்பிட ஆரம்பித்தது.

பாய்க்கு அந்தக் கேஸின் மேல் பக்தி என்றே சொல்ல வேண்டும். வெறும் கரியிலிருந்து நிறமும் இல்லாத, வாசனையும் இல்லாத ஏதோ ஒன்று கிளம்பி, நாற்பது பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் மலைப் பாதையில் இழுத்துக்கொண்டு போகிறதே என்று தினமும் வாயைப் பிளப்பார். பயமும் உண்டு. ஒரு மழை நாளில் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உருளையைப் பற்றவைத்தார். சற்றைக்கெல்லாம் தலை பாரமாயிற்று. உத்தரத்தில் அடைந்திருந்த இரண்டு குருவிகள் பொத்தென்று காலடியில் விழுந்தன. எழுந்து ஓடலாமென்றால் கால் வரவில்லை. தவழ்ந்துபோய்க் கதவை முட்டித் திறந்து மழையில் விழுந்தார்.

"பொகை இல்ல, நாத்தம் இல்ல, சபீரா. தூக்கம் மாதிரி வந்துச்சு. அவ்ளோ எதமா இருந்துச்சு," என்று மனைவியிடம் சொன்னார்.

சண்டை முடிந்து பெட்ரோல் திரும்பி வந்தது. உருளையைப் பழைய இரும்புக்குப் போடப் போனார்கள். பாய்க்கு மனசு கேட்கவில்லை; கெஞ்சி வாங்கிக்கொண்டார். அப்போதுதான் நூல் கடை வேதாசல முதலியார் புது வீடு கட்டியிருந்தார். மகள் சந்திரா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள்.

"பாய், பஸ்ஸையே இழுத்த கேஸாச்சே. நம்ம வீட்டுக்கு வெந்நீ போட்டுக் குடுக்காதா?" என்று முதலியார் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். பாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் தட்டினார், அறுத்தார், பற்றவைத்தார். உருளை புழக்கடையில் நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக் குளியலறைக்குள் போய், செப்பு அண்டாவின் அடியில் முடிந்தது. புகை போகக் கூரைக்கு மேலே ஒரு போக்கி வைத்தார். சுவரின் அடியில், நல்ல காற்று உள்ளே வரட்டும் என்று தேங்காய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டார்.

முதல் நாள் வேலைக்காரி மணியம்மை வெளியே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். பாய் குச்சியைக் கிழித்து நீட்டி, பிறகு குழாயைத் திருகினார். குப்பென்று நீலமாக ஒரு பூ பூத்தது. முதலியார் தன்னையறியாமல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி வரலட்சுமி, பாய் நகர்ந்ததும் வந்து அண்டாவுக்குக் குங்குமம் வைத்தாள்.

புழக்கடைக்கு வந்து பாய் முதலியாரிடம் சொன்னார்: "மொதல்ல குச்சி, அப்பறம்தான் கொழா. மாத்திப் பண்ணா வெடிக்கும். நீலமா எரியணும். மஞ்சளா போச்சுன்னா நிறுத்திடுங்க. இந்த ஓட்டைய மட்டும் எதுக்காகவும் அடைக்கக் கூடாது. அடைச்சா உசுரு போயிடும், மொதலியாரே."

"ஆங், ஆங்," என்று முதலியார் தலையாட்டினார். அவர் விடியற்காலையில் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர். அந்த அறைக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்கு முன்னால் பாய் வந்து உருளையின் சாம்பலைத் தட்டிவிட்டுப் போவார். மார்கழியில் அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமை, மணியம்மை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாயின் கண் சுவரடிக்குப் போனது. ஓட்டையில் பழைய நூல்புடவை ஒன்று கெட்டியாகத் திணித்திருந்தது.

"யாரு அடைச்சது?"

"அம்மாதாங்க. சந்திராவுக்குப் பதினோராம் நாள் தண்ணி ஊத்தறாங்க. பச்ச ஒடம்புக்காரி, காத்து பட்டா ஜன்னி கண்டுடும்னு மேல பொகைபோக்கியிலகூட சாக்கு சொருகச் சொன்னாங்க."

பாய் அவள் கையைத் தட்டிவிட்டு உருளையின் வாயிலேயே குழாயை மூடினார். புடவையைப் பிடித்து இழுத்தெறிந்தார். ஓடிப்போய்ப் புழக்கடை வாசலில் நின்றார். அடுப்பை மூட்டிக் காட்டிய நாளுக்குப் பிறகு அதற்கு மேல் அவர் போனதில்லை. உள்ளே, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, குளிப்பாட்டிய குழந்தையோடு வரலட்சுமி நின்றிருந்தாள்.

"அம்மா, கதவத் தொறங்க."

"புள்ள பெத்தவ குளிச்சிகினு இருக்கா, பாய். இப்ப எப்படித் தொறக்கறது?" என்றாள் அவள் கோபமாக.

"கூப்புட்டுப் பாருங்க. பதில் வருதா பாருங்க."

"சந்திரா," என்றாள். பதில் இல்லை. "அடியே, சந்திரா." தண்ணீர் மொள்ளும் சத்தம்கூட இல்லை. குழந்தையை மணியம்மையிடம் கொடுத்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வரலட்சுமியின் குரல், அடங்கிப்போய், "பாய், என்னால தூக்க முடியல. வாங்க," என்றது.

அவளே மகள் மேல் புடவையைச் சுற்றியிருந்தாள். பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவளைத் தூக்கி வந்து புழக்கடை வெயிலில் கிடத்தினார். சந்திராவின் முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு கேஸ் ஏறியதால் வந்தது என்று பாய்க்குத் தெரியும். எத்தனை நேரம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. செய்தி கேட்டுக் கடையிலிருந்து முதலியார் ஓடி வந்து சேர்ந்த பிறகுதான் அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, "ஏன் நைனா எல்லாரும் நிக்கறீங்க? எதமா தூக்கம் வந்துச்சு," என்றாள்.

நடந்தது என்னவென்று பாய் சொல்லி முடித்ததும் வரலட்சுமி கேட்டாள்: "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மொதலியார்கிட்ட சொன்னேனே, அம்மா."

"அவரு என்னிக்கு வெந்நீ போட்டாரு?"

முதலியார் தரையைப் பார்த்தார். நாலு வருஷம் அந்தக் கேஸோடு குடித்தனம் நடத்திய பாய், ஓர் அங்குலக் குழாய் எங்கே வளைய வேண்டுமென்று ராத்திரி பகல் யோசித்தவர், அடுப்பை மூட்டப்போவது யார் என்பதை யோசிக்கவில்லை. முதல் நாள் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே வரலட்சுமி நின்றிருந்தாள்.

"நாளைக்கே பேத்தெடுத்துடலாம்," என்றார் முதலியார்.

"வேணாம். அண்டா என்ன பண்ணும்? பாய், உள்ள வாங்க. மொதல்லேருந்து எங்கிட்ட சொல்லுங்க," என்றாள் வரலட்சுமி.

பாய் வாசற்படி தாண்டிப் போய்ச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். போக்கியில் இருந்த சாக்கைத் தன் கையாலேயே உருவினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் சாம்பல் தட்ட வந்தபோது, அந்த நூல்புடவை துவைத்து வெளுத்து, தாழ்வாரத்தில் தூளியாகத் தொங்கியது; அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் குனிந்து ஓட்டையருகே கையை வைத்தார். காற்று விரலிடுக்கில் நுழைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம். கதவுக்கு வெளியிலிருந்து வரலட்சுமி நிமிஷத்துக்கு ஒருதரம் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சந்திரா."

"ஆங்."

"சந்திரா."

"ஆங், கீறேம்மா."

தொழுகைக்கு நேரமாகியும் பாய் கையை எடுக்கவில்லை.