ஜாஸ்பர் சொன்னால் சிப்புதான்

குளச்சலில் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஜாஸ்பருக்கு உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. மஸ்கட்டில் ஒரு சவுண்டு கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அவர் கணக்கில், கிட்டார் வாசிக்கிறவன் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவன், சபையில் மைக் பிடிக்கிறவனுக்குக் காது கிடையாது, மற்ற மெக்கானிக்குகள் பெட்டியைத் தலையில் தட்டிப் பாட வைக்கிற கூட்டம். இதையெல்லாம் மனசுக்குள் வைத்திருக்கவும் மாட்டார், வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்கள். மனுஷர் அதையும் மரியாதை என்று எண்ணிக்கொண்டார்.

சஜிதா தன் கிட்டார் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அதே முகம்தான். அவள் ராஜகுமாரின் குழுவில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிப்பவள். போன வாரம் மேடையில் பாட்டுக்கு நடுவே ஆம்ப் ஊமையாகிவிட்டது, கூட்டம் சிரித்தது. சனிக்கிழமை பூதப்பாண்டியில் அடுத்த வரவேற்பு. தப்பு அவள் மேல் என்றால் இனி அவளுக்குப் பதில் ஜெனோதான் கிட்டார் என்று ராஜகுமார் கறாராகச் சொல்லியிருந்தார்.

"பெடல் மாட்டினா சத்தம் வருது அண்ணே. கழத்தினா போயிருது," என்றாள்.

"ஏட்டி, நான் ஒனக்கிட்ட படிக்கணுமா? லூப்புக்க சிப்பு போச்சு. வால்யூம கண்டமேனிக்கு முறுக்கியிருப்ப. வச்சிட்டுப் போ."

அவள் படி இறங்குமுன் ராஜகுமாருக்குப் போன் போட்டார். "பொம்பளப் பிள்ளியளுக்கு சாதனம் பேணத் தெரியாது வேய். சிப்ப எரிச்சுப்போட்டு வந்து நிக்கா." இன்னும் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தீர்ப்பு.

அந்த ஆம்ப்புக்குப் பின்னால் இரண்டு குழிகள். ஒன்றின் வழியாகச் சத்தம் வெளியே போய், கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் பெடலுக்குள் புகுந்து, மற்றதில் திரும்பி வரும். அதுதான் லூப். இரண்டு பக்கமும் சத்தத்தைத் தாங்கிக் கொடுப்பது எட்டுக்கால் சிப்பு ஒன்று. ஜாஸ்பர் அதைப் பிடுங்கிப் புதுசு வைத்தார். சத்தம் கொஞ்சம் வந்தது, போனது. கடைக்காரன் போலியைத் தந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டு இன்னொன்று வைத்தார். அதே கதை. கால்களில் வோல்டேஜ் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. ஆம்ப்பைச் செய்த கம்பெனிக்காரனையும் விட்டுவைக்காமல் திட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு வழி தெரியாமல், இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒரு சின்ன ஒயரை மாட்டினார். சத்தம் கணீரென்று வந்தது. அந்தப் பெண் முதல் நாளே சொன்னது இதைத்தான். திரும்பி வரும் குழிக்குள் ஒரு மெல்லிய தகடு உண்டு. பெடல் இல்லாத நேரம் அது தானாகத் தொட்டுச் சத்தத்தைக் கடத்திவிட வேண்டும். ஊசியால் கிண்டிப் பார்த்தார். தகடு தொடவே இல்லை. நடுவில் கறுத்து இறுகிப்போன கிரீஸ். அதைச் சுரண்டி எடுத்ததும் ஒயர் இல்லாமலே சத்தம் வந்தது.

உப்புக்காற்றுக்குப் பயந்து, குளச்சல்காரர்கள் வாசல் கேட்டின் கொண்டி முதல் படகு எஞ்சின் வரைக்கும் கிரீஸ் அப்புவார்கள். இரும்புக்கு அது நல்லது. இந்தத் தகடு தொடுகிற இடத்தில் அது சுவர் வைத்தது போல. ஜாஸ்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேவலப்படுத்தப் புதுசாக ஒரு முட்டாள் கிடைத்துவிட்டானே.

சாயங்காலம் சஜிதா வந்ததும் ஆரம்பித்தார். "எந்த மடையனாக்கும் இதுக்குள்ள கிரீஸ் தேச்சது? போட்டு எஞ்சின்காரனா?"

"நீங்கதான் அண்ணே," என்றாள் சஜிதா. "கிறிஸ்மஸுக்கு முன்ன ஒயரு மாத்தக் கொண்டாந்தேன். உப்புக்காத்து ஏறாதுன்னு நீங்களே தேச்சுத் தந்திய. நான் பாத்துட்டுதான் நின்னேன்."

ஜாஸ்பருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ராஜகுமார் அண்ணன்கிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாரு. ஜாஸ்பர் சொன்னா சரிங்காரு. ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா எனக்க இடம் போயிரும்."

அவள் எதிரிலேயே போன் போட்டார். ராஜகுமாரின் குரல் அவளுக்கும் கேட்டது. "என்ன வேய், சரியாச்சா? பிள்ள கெடுத்ததுதானா?"

கிரீஸ் தேய்த்தது நான், என்று சொன்னால் முடிந்தது. ஊரையே வாயால் வறுத்தெடுத்த மனுஷருக்கு அந்த மூன்று சொல் வரவில்லை.

"சிப்புதான். மாத்தியாச்சு," என்றார். "பின்ன, அவ கெடுத்ததுதான்."

சஜிதா சண்டை போடவில்லை. ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள்.

"பழைய சிப்பத் தாங்கண்ணே. அது கெடாததாக்கும்."

இப்படி ஒரு கோழையிடமா இத்தனை நாள் ஊர் தலைகுனிந்து பேச்சு வாங்கியது? ஜாஸ்பர் மேசையைத் துழாவி, அந்த நல்ல சிப்பை அவள் உள்ளங்கையில் வைத்தார். போன் இன்னும் அணையவில்லை, அந்தப் பக்கம் ராஜகுமார் இருந்தார். அப்போதும் ஜாஸ்பர் உண்மையைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பூதப்பாண்டியில் ஜெனோதான் வாசித்தான்.