அப்பாவின் வேகப்படுத்தும் வழி

மடிக்கணினி சூடேறி உறுமினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மனம் திண்டிவனம் வீட்டுக்கு ஓடிவிடும். பழைய கணினியை வேகப்படுத்த அப்பா கண்ட வழி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வீட்டின் ஒரே மேசை விசிறியை அதன்முன் சுழலவிடுவது. நாங்கள் வியர்த்தோம். ஓர் இரவு அக்கா, மறுநாள் விழுப்புரம் கல்லூரியில் கொடுக்கவேண்டிய ப்ராஜெக்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா விசிறிமுன் உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, தேய்த்துத் தோலைப் பறக்கவிட்டாள். எல்லாம் கணினிக்குள் போயின, திரை உறைந்தது.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?" என்று அக்கா அலறினாள்.

"ஃபார்மேட் பண்ணா புதுசாயிடும்மா" என்றார் அப்பா, ஆசையாக.

"என் ப்ராஜெக்டும் அழிஞ்சிடும்பா! தள்ளிப் போங்க!"

அக்காவே தோலைப் பொறுக்கிவிட்டு இயக்கினாள். ப்ராஜெக்ட் பிழைத்தது.

"முன்னவிட வேகமா இருக்குது பாரு" என்றார் அப்பா.

அக்கா மூடியைத் திருப்புளியால் திருகி மூடினாள். மறுநாள் திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.