கள்ளுக்கடை வாசலில் உபதேசியார்

என் வீட்டுக்காரர் தென்காசிக்கு மேற்கே ஒரு சின்னச் சபைக்கு உபதேசியாராக இருந்தார். ஜப்பான் சண்டைக் காலம். அரிசி கிடைப்பது அரிது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்போம். கள்ளுக்கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. குடிகாரனுக்குப் பரலோகத்தில் பங்கில்லை என்று அவர் ஞாயிறுதோறும் கண்டித்துப் பிரசங்கம் செய்தார்.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்த ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவருடைய ஒரே மகன் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தான். அங்கே குண்டு விழுந்ததும் ஜனங்கள் நடந்தே புறப்பட்டார்கள். மகனோடு வந்த கூட்டாளி மட்டும் ஊர் வந்து சேர்ந்தான். உங்கள் மகன் வழியில் காய்ச்சலில் விழுந்துவிட்டான், தூக்கிவர எனக்குத் தெம்பில்லை என்று சொல்லி அழுதான். அன்று முதல் அவர் குடித்தார்.

அவரைச் சபையை விட்டு விலக்க வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அதற்குமுன் எச்சரித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் போனார். அந்த மனிதரின் மனைவியைப் பார்க்க நானும் கூடப் போனேன். புத்தி சொன்னதையெல்லாம் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"குடிக்காதேன்னு சொல்லுதீய, சரிதான் அய்யா. கண்ண மூடுனா அவன் கூப்பிடுதான். அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் ஜெபம்கூடச் செய்யாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். சில நாள் அந்த மனிதர் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே கடையை மறந்துவிடுவார். சில நாள் பேச்சின் நடுவே எழுந்து போவார். இவரும் கூடவே போய்க் கடைக்கு வெளியே நிற்பார். உபதேசியார் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறார் என்று பேச்சு பரவி, குருவானவர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"உள்ள போகாதன்னு பிரசங்கத்துல சொல்லியாச்சு. வெளிய வரும்போது ஒரு ஆள் வேணும்லா அய்யா" என்று இவர் சொன்னாராம்.

அந்த வருஷத்துச் சாரல் மழைக்காலத்தில் அந்த மனிதர் குளிர்காய்ச்சலில் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். சவப்பெட்டியைத் தோட்டத்து வாசலில் இறக்கிவைத்து, மழையில் நனைந்தபடி இவர் அசையாமல் நின்றார். கடைசியில் வேலியோரம் புதைக்க இடம் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், அவருக்கு இரட்சிப்பு உண்டா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பிறகு, அந்த அம்மாள் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வா என்றார். நான் போய்க் கொடுத்தேன். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று வைத்துவிட்டாள்.