அண்ணன் இளைத்ததை நாங்கள் கொண்டாடினோம்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் கடைசியாக அவரைப் பார்த்தபோது, "மெலிஞ்சு பத்து வயசு கொறைஞ்சிட்டீங்க" என்று சொன்னவர்கள். குறை சொல்லவில்லை. தங்கைகள் நாங்களும் அதையேதான் சொன்னோம்.

மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். அப்பா தவறியதும் படிப்பை விட்டுவிட்டு, தம்புள்ளையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றினார். பிறகு பலாபத்வலயில் காய்கறிக் கடை போட்டார். எங்களைக் கரையேற்றிய பின்னரே தமக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொண்டார். முன்கோபக்காரர். ஆனால் அழுகிய தக்காளியை ஒருவருக்கும் நிறுத்துக் கொடுத்ததில்லை.

சீனி நோய் என்று தெரிந்ததும் தமது பிடிவாதம் முழுவதையும் உடம்பின் மேல் திருப்பினார். விடிந்ததும் நடை. வல்லாரையும் முடக்கொத்தானும் அரைத்து இலைக்கஞ்சி. சோறு பாதி. முதலில் மெதுவாக இளைத்தார். அது நல்ல இளைப்பு. பிறகு மளமளவென்று இறங்கினார். நல்லது எங்கே முடிந்து கெட்டது எங்கே தொடங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடம்பு சொல்லாமல் இல்லை. முதுகு வலித்தது, மூட்டை சுமந்த முதுகுதானே என்றார். உடலெல்லாம் அரித்தது, வேப்பிலை அவித்துக் குளித்தார். இளைத்தும் சீனி குறையாமல் ஏறியது; கஞ்சியை இரண்டு வேளையாக்கினார். அண்ணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"பாதிச் சோத்தையும் வச்சிட்டு எந்திரிக்கிறீங்க. வாங்க, பெரியாஸ்பத்திரியில காட்டுவோம்."

"வாயக் கட்ட நான் எம்புட்டுக் கஷ்டப்படுறேன்! ஊரே பாராட்டுது, ஒனக்குத்தான் பொறுக்கல."

"வாயக் கட்டுறவங்களுக்குப் பசிக்குமுங்க. ஒங்களுக்குப் பசிக்கவே இல்லையே."

கண் மஞ்சளான பிறகுதான் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரை பரவியிருந்தது.

"முன்னமே கூட்டியாந்திருந்தா?" என்று அண்ணி கேட்டார்.

"சொல்ல ஏலாதும்மா," என்றார் டாக்டர்.

அந்தப் பதிலோடுதான் அண்ணி இன்றும் எழுந்து கடையைத் திறக்கிறார். ஆறுதலாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. பசி எடுக்காத நாளை இனி யாரும் கட்டுப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள் என்று எழுதலாம். அதைப் படித்து ஒருவர் பிழைத்தாலும் அவர் எங்கள் அண்ணனாக இருக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட பின், ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் அண்ணன் எங்கள் கண் முன்னே போனார்.

மருந்துக்கு ஓடியவர்களுக்கும், அண்ணியோடு மாறி மாறிக் கண்விழித்த அயல்வீட்டாருக்கும், அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்து தந்த முஸ்லிம் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மயானம் வரை தோள் கொடுத்த மருமக்களே, உங்களுக்கும் நன்றி. திரும்பி வந்து, "மாமா பாரமே இல்ல" என்றீர்கள். அவர் இளைத்ததைச் சொல்லக் கேட்டு ஒருவரும் மகிழாதது அன்று மட்டும்தான்.