ஊனோவுக்கு மீன் எண்ணெய்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து இருபதுக்குக் கண்டியிலிருந்து புறப்பட்டேன். மனைவி மலர் வாசல் படலை வரைக்கும் வந்தாள். வழக்கமாக எனக்குச் சொல்கிற "கவனம்" என்ற சொல்லை அன்றைக்குக் காரின் பொனட்டைத் தட்டிச் சொன்னாள். அந்தக் காரை ஒரேயடியாக விற்கச் சொன்னவளும் அவள்தான்.

கார் ஒரு சிவப்பு ஊனோ. இத்தாலிக்காரர்கள் செய்த பெட்டி வடிவான சின்னக் கார். வயது முப்பத்தாறு, அதில் இருபத்திரண்டு வருடம் என்னோடு. ஆங்கிலேயர் காலத்துக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஊரில் மரியாதை உண்டு; கலியாண வீட்டுக்காரர் பூமாலையோடு தேடி வருவார்கள். ஊனோ அந்த வயதுக்கு இன்னும் வரவில்லை. புதுக் காரும் இல்லை, பெருமைக்குரிய பழைய காரும் இல்லை. எங்கே நிறுத்தினாலும், "ஏன் சேர், இன்னும் இதையா வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். இன்னும் இருபது வருடம் போனால் இதே ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். அதுவரைக்கும் பிழைத்துக் கிடப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விற்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வைப்பர். ஊனோவுக்கு முன்கண்ணாடியில் ஒரே ஒரு நீண்ட வைப்பர்தான். செய்தவனுக்கு என்ன தைரியம் பாருங்கள்! அது வேலை செய்யும்போது அழகுதான். படுத்துவிட்டால் மாற்றுக்கு இரண்டாவது கிடையாது. போன மார்கழியில் மகியங்கனை மலைப்பாதையின் பதினெட்டு வளைவில், கொட்டும் மழையில், அதன் மோட்டார் செத்தது. மலரும் நானும் மூன்று மணி நேரம் மலை விளிம்பில் நின்றோம். ஒரு லொறி எங்களை உரசிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து ஒரு கிழமை, ஏழு நாளும், அவளுக்குக் காய்ச்சல். எழும்பியதும் சொன்ன முதல் வார்த்தை, "அதை வித்துப்போடுங்க." நான் கணக்கு வாத்தியார், கொடுத்த வாக்கை மாற்றிப் பழக்கமில்லை.

வாங்க வந்தது பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹொட்டல். எஞ்சினைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்து, புல்தரையில் நிறுத்தி, அதற்குள் ஆளை வைத்து ஜூஸ் விற்கப் போகிறார்களாம். ஏழு இலட்சம் ரூபாய். சனிக்கிழமை பதினொரு மணிக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். என் கார் கெட்டால் ஜூஸ் கடை.

காலை எட்டு ஐந்துக்கு மகியங்கனை. பிளேன்டீ ஒன்று, பருப்பு வடை இரண்டு, நூற்று எழுபது ரூபாய். பங்குனி மாதத்து வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது; வைப்பர் இல்லாதவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? மகாஓயா தாண்டியதும் வீதி நேராகிவிடுகிறது. என் வலது காலடியில் தரைத் தகட்டில் துருப்பிடித்துக் கறள் தின்ற ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள்ளால் வீதி ஓடுவது தெரியும். வேகத்தை அறிய முள்ளைப் பார்ப்பதைவிட அந்த ஓட்டையைப் பார்ப்பதே நம்பகம். எழுபதில் போகும்போது எஞ்சின் ஒரு பாட்டம் பாடும். ஆயிரம் சீசீ கூட இல்லாத எஞ்சின், ஆனால் அதன் உற்சாகத்தை நான் வேறெந்தக் காரிலும் கண்டதில்லை. கடைசி ஓட்டம் என்று அதற்கு யார் சொல்வது?

செங்கலடிச் சந்தியில் பாசிக்குடாவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வலப்பக்கம் திரும்பினேன். ஆரையம்பதியில் தேவராசா என்று ஒருவர் இருக்கிறார். வாவித் தோணிகளின் எஞ்சின் திருத்துகிறவர், என்னைப் போலவே ஓர் ஊனோக்காரர். பதினொரு வருடமாகத் தொலைபேசியில் பழக்கம், முகம் பார்த்ததில்லை. கிளச் கேபிளோ தண்ணீர்ப் பம்போ எது வேண்டுமென்றாலும் எங்கேயோ தேடிப் பிடித்து பஸ்ஸில் போட்டு அனுப்புவார். வருவதெல்லாம் கருவாட்டு மணத்தோடுதான் வரும். வைப்பர் மோட்டார் மட்டும் அவருக்கும் கிடைக்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்; விற்கப் போகும் செய்தியை அவருக்குத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்றரைக்குக் கல்லடிப் பாலத்தில் ஏறினேன். பக்கத்தில் பழைய இரும்புப் பாலம், இரு புறமும் வெயிலில் பளபளக்கும் வாவி. காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதைத் தாண்டினால் ஆரையம்பதி. கண்டியிலிருந்து என் மீட்டரில் இருநூற்று மூன்று கிலோமீற்றர்.

வாசலில் நின்ற மனிதர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக் கை காட்டினார்.

"சேர்தானே? காரைக் கண்டுதான் ஆளைப் புடிச்சன். இரிங்க, முதல்ல தண்ணி குடிங்க. மறுகா கதைப்பம்."

அவர் மனைவி புஷ்பம் நண்டுக் கறியும் கூனி இறால் சுண்டலும் வைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"ஜூஸா?" என்றார் தேவராசா.

"ஓம் அண்ணன்."

"எஞ்சினைக் கழட்டிப் போட்டா?"

"ஓம்."

அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். ஏற்கனவே கழுவிய கையை. புஷ்பம் என் பக்கம் குனிந்து, "கொஞ்சம் விடுங்க சேர். எங்கட கலியாணப் பொடவைய வித்தாலும் அவருக்குக் கவலை வராது, இது வேற" என்றார்.

பின்னேரம் நான்கரை. கோபம் தணிந்ததோ என்னவோ, தன் காரைக் காட்ட அழைத்தார். வெள்ளை ஊனோ, என்னுடையதைவிட இரண்டு வயது மூத்தது. அதன் பளபளப்பில் முகம் பார்க்கலாம். அடியில் ஐந்து பூனைகள் படுத்துக் கிடந்தன. பொனட்டை மூன்று தரம் தட்டி, "எழும்புங்க புள்ளையள், போகணும்" என்றார். அவை சோம்பல் முறித்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தினமும் நடக்கிற காரியம் என்பது அவை நடந்த நடையிலேயே தெரிந்தது.

"கடல் றோட்டால நான் போறல்ல சேர். சுத்து எண்டாலும் வாவிப் பக்கத்தாலதான். வந்து நிப்பாட்டினா அடிப்பக்கத்த நல்ல தண்ணியால கழுவிப் போடுவன். வருசம் முந்நூத்தறுவத்தஞ்சு நாளும்."

வாவி ஓரத்து மண் வீதியில் போனோம். வெயில் சாயும் நேரம், தோணிகள் இரண்டு வலை இறக்கிக்கொண்டிருந்தன. பூச்சிகள் கண்ணாடியில் மோதின. தேவராசா தண்ணீரைப் பீச்சி ஒரு விசையைத் தட்டினார். அந்த ஒற்றை வைப்பர் எழும்பி, கண்ணாடி முழுவதையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்தது. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

வீடு திரும்பியதும் காலடி விரிப்பைத் தூக்கிக் காட்டினார். "குத்திப் பாருங்க." பெருவிரலால் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில், உப்புக் காற்றில் முப்பத்தெட்டு வருடம் கிடந்த இரும்பு! கண்டி மலையில் இருந்த என் காருக்கு ஓட்டை. இவருக்கு ஒரு பொட்டுக் கறள் இல்லை. அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"என்ன அண்ணன் மருந்து?"

"மீன் எண்ணெய். தோணிக்குப் பூசுறது. எங்கட அப்பா தோணிக்குப் பூசினார், நான் காருக்குப் பூசுறன். அவ்வளவுதான். இந்தப் பூனையள் அதுக்குத்தான் காவல் கிடக்குதுகள்."

பிறகு என் காரின் கீழே படுத்துக் கிடந்து நெடுநேரம் பார்த்தார். எழும்பி வந்து, "சேர், விக்கிறது உங்கட விருப்பம். ஆனா இந்த அடியோட கொண்டு போய்க் கடற்கரையில நிப்பாட்டினா ஆறு மாசத்துல கொட்டுண்டு போயிரும். ஜூஸ் வித்தாலும் அது ஊனோதானே? நான் தகடு வச்சு ஓட்டைய அடைச்சு எண்ணெய் பூசித் தாறன்" என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நக்குண்டார் நாவிழந்தார் என்பது சும்மாவா. நண்டுக் கறி இன்னும் கையில் மணத்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழும்பி வந்தால், ஓட்டை அடைபட்டு, அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் மினுங்கியது. தேவராசா பொனட்டைத் திறந்து வைத்து உள்ளே குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் மூடினார். "எண்ணெய் மட்டம் பாத்தன் சேர்." பிட்டும் எருமைத் தயிரும் தந்து அனுப்பினார்கள். நான் நன்றி சொல்லத் தொடங்க, "சும்மா கிடங்க சேர், போயிட்டு வாங்க" என்றார். சொந்தப் பிள்ளையை விற்கப் போகிறவனிடம் ஏன் இவ்வளவு முகமலர்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆரையம்பதியிலிருந்து பாசிக்குடா நாற்பத்து நான்கு கிலோமீற்றர். பத்து நாற்பதுக்கு ஹொட்டல் வாசலை அடைந்தேன். காவலாளி கல்குடாக்காரர். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சேர், டிக்கியில என்ன மீன்? பாரையா?"

"மீன் இல்லை."

"பறவாயில்ல, சொல்லுங்க. கிச்சனுக்கு வாங்குவாங்க."

புல்தரையில் காரை நிறுத்தினேன். முன்னால் குளம் மாதிரி அலையில்லாத நீலக் கடல். இடுப்பளவு நீரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகான இடம். மனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். பாதி வழியில் சிரிப்பு நின்றது. கைக்குட்டை வெளியே வந்தது. வெயிலில் எண்ணெய் சூடேறி வேலையைத் தொடங்கியிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து ஒரு பூனை வந்து காருக்கடியில் புகுந்தது. பின்னால் இன்னும் மூன்று. கூரையில் ஒரு காகம் இறங்கி, உரிமைக்காரன் மாதிரி உட்கார்ந்தது.

"சேர், இதில விருந்தினர் ஜூஸ் குடிக்கணும்" என்றார் மனேஜர்.

"தெரியும்."

"இது எத்தனை நாளில போகும்? நீராவி அடிச்சுக் கழுவினா போயிடும்தானே? போகுமெண்டா சொல்லுங்க, இப்பவே காசைத் தாறன்."

போகும். நன்றாகக் கழுவினால் ஒரு கிழமையில் போகும். அது எனக்குத் தெரியும். புல்தரைக்கு அப்பால் ஒரு சுவரோரம், கூரை அறுக்கிற மெஷினை ஒருவர் வயரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவருக்கு அது வேலை. மலருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இருபத்திரண்டு வருடம் ஒரு பக்கம்.

"போகாது," என்றேன். "இரும்புக்குள் ஊறிவிட்டது. வருடக் கணக்கில் இருக்கும்."

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடச் சுத்தமாக ஒன்று வந்து விழுந்ததில்லை. மனேஜர் பாவம், இரண்டு அடி பின்னால் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். பொனட்டை மூன்று தரம் தட்டினேன். பூனைகள் வெளியே வந்தன. காவலாளி கடைசி வரைக்கும் நம்பவில்லை. "பாரைதான்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

மலருக்குத் தொலைபேசி எடுத்து, "வேண்டாமாம், நாத்தமாம்" என்றேன். "மழை வருமெண்டு சொல்றாங்க. கவனம்" என்று வைத்துவிட்டாள்.

பகல் மூன்று இருபதுக்கு மகியங்கனை. மலை உச்சிகள் கறுத்துக் கிடந்தன. ஹசலக்க தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்க, ஏழாவது வளைவில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மார்கழியில் எங்களை நிறுத்தி வைத்த அதே மழை. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிழை செய்துவிட்டேன், மலர் சொன்னது சரி என்று எண்ணியபடி, ஓரம் கட்டுவதற்கு முன் பழக்க தோஷத்தில் கை தானாக வைப்பர் விசையைத் தட்டியது.

வைப்பர் எழும்பியது. கண்ணாடி முழுவதையும் ஒரே வீச்சில் துடைத்தது. படுத்தது. மறுபடி எழும்பியது.

நான் வாய்விட்டு "அட!" என்று கத்தினேன். பதினெட்டாவது வளைவு தாண்டி, ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தித் தேவராசாவுக்கு எடுத்தேன்.

"அண்ணன், வைப்பர் மோட்டார் எங்கால வந்தது?"

"என்ட கார்ல கிடந்தது."

"அப்போ உங்களுக்கு?"

"எங்களுக்கு இஞ்ச இனி ஐப்பசி வரைக்கும் பெரிய மழை இல்ல சேர். மலையில உங்களுக்குத்தான் இப்ப மழை. ஐப்பசிக்கு முந்திக் கொண்டு வந்து தாங்க. அதுக்குள்ள வேற ஒண்டு தேடுவம்."

"நான் விக்கப் போறன் எண்டு தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

பின்னால் புஷ்பம் சிரிப்பது கேட்டது. தேவராசா நிதானமாகச் சொன்னார்: "எண்ணெய் பூசின காரை ஆரு சேர் வாங்குவான்?"

ஆறு இருபதுக்கு வீடு. மழை விடவில்லை. மலர் குடையோடு படலையில் நின்றாள். முதலில் வைப்பரைப் பார்த்தாள், அது போய் வருவதை நாலைந்து தரம் பார்த்தாள். பிறகு மூக்கைப் பொத்தினாள். குடைக்குள் நின்றபடியே நடந்ததெல்லாம் சொன்னேன், பொய்யையும் ஒளிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மதில் ஏறி இறங்கி, எங்கள் இருவரையும் கடந்து, நேரே காருக்கடியில் போய்ப் படுத்தது.

மலர் பொனட்டை மூன்று தரம் தட்டினாள். "ஐப்பசிக்கு ஏழு மாசம் இருக்கு" என்றாள். "மோட்டாரைக் குடுக்கப் போகக்குள்ள நானும் வாறன்."