இத்தாவும் கரண்டும்

புற்றுநோய் கிளினிக்கில் தாதியாக வேலை செய்த வருடங்களில் என் பொறுமையைச் சோதித்தது நோயல்ல, திகதி கொடுத்தும் வராத ஆட்கள்தான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மிஸ்ஸிமாருக்காக நபீஸாவின் கதையை எழுதுகிறேன்.

நபீஸாவின் ஊர் சாய்ந்தமருது. கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். ஒப்பரேஷன் நன்றாக முடிந்து வீட்டுக்குப் போனார். பிறகு ஹிஸ்டொலொஜி ரிப்போட் வந்தது. வெட்டியெடுத்த நிணநீர்க் கணு ஒன்றிலும் புற்றுநோய்க் கலங்கள். மட்டக்களப்பில் ஐந்து கிழமை, வாரத்துக்கு ஐந்து நாள், ரேடியேஷன் பிடிக்க வேண்டும். ஊரில் அதற்குப் பெயர் கரண்ட். ஒப்பரேஷன் நடந்து ஆறு கிழமைக்குள் தொடங்கச் சொன்னார் டொக்டர். நபீஸாவுக்குப் போனில் சொல்லித் திகதி கொடுத்தேன்.

அந்தத் திகதியில் ஆளைக் காணவில்லை. திரும்பவும் போன் எடுத்தேன். அவருடைய மூத்த சகோதரர், காக்கா, பேசினார்.

“மச்சான் நெஞ்சுவலியில மவுத்தாகி ஒம்பது நாள், மிஸ்ஸி. தங்கச்சி இத்தாவில இரிக்கா. நாலு மாசம் பத்து நாள் வெளிக்கிட ஏலா.”

“வைத்தியத்துக்குப் போகலாம் காக்கா. மௌலவிக்கிட்ட கேட்டீங்களா?”

“இதெல்லாம் கேக்கிற விசயமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

என் உம்மாவும் வாப்பா இறந்து, விதவைகள் வீட்டுக்குள் இருக்கும் அந்த இத்தாவில் இருந்தபோது கண் கிளினிக்குக்குப் போய் வந்தவர். அதைச் சொன்னேன். “உங்கட உம்மாட விசயம் வேற” என்றார். கையிலிருந்த பைலைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் லீவு போட்டு அவர்களுடைய பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். அவர் என்னைச் சொல்லி முடிக்கவும் விடவில்லை.

“வைத்தியத்துக்குத் தடையில்ல. பகல்ல போய் செஞ்சிபோட்டு வீட்டுக்கு வரட்டும். இதக் கேக்க ஒரு ஆளும் என்னட்ட வரல்லியே.”

என் முன்னாலேயே காக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். காக்கா உடனே வேன் பேசினார். வென்றுவிட்ட நினைப்பில் நபீஸாவிடம் போனேன். பாயில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்கு ஏலா, மிஸ்ஸி.”

“இன்னும் என்ன கா? மௌலவியே சொல்லிட்டார்.”

“இத்தாவில ஆசுபத்திரிக்குப் போகலாம் எண்டு எனக்கும் தெரியும். காக்கா தடுத்தது வசதியாப் போச்சு. ஒப்பரேஷன் முடிஞ்ச அண்டைக்கு நீங்கதானே என்ட கையப் புடிச்சி, ‘எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனி ஒண்டுமில்ல’ எண்டீங்க. இப்ப கரண்ட் எண்டா என்ன கருத்து? டொக்டர்மார் கைவிட்ட ஆக்களுக்குத்தானே கரண்ட். மவுத்தாகிறதெண்டா என்ட வீட்டுலயே மவுத்தாகிறன்.”

சொன்னது நான்தான். ரிப்போட் வர முதல், ஆறுதலுக்கென்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாயில் அவருக்குப் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டேன்.

“வெட்டினது கண்ணுக்குத் தெரிஞ்சத. கரண்ட் பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியாம மிஞ்சியிருந்தா அதுக்கு. கைவிட்ட ஆளுக்கு நாங்க அஞ்சு கிழம மினக்கெடுவமா, புள்ள?”

நெடுநேரம் அழுதார். பிறகு, “வேன் எத்தின மணிக்கு வரும்?” என்று கேட்டார்.

ஆறாவது கிழமை முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதல் கரண்ட் பிடித்தார்.

ஒப்பரேஷன் முடிந்தவர்கள் உங்கள் கையைப் பிடித்து, ‘எல்லாத்தையும் எடுத்தாச்சா?’ என்று கேட்பார்கள். ‘ரிப்போட் வரட்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பிடிக்காது, உங்களுக்கும் சொல்ல மனம் வராது. நான் காக்காவை ஏசினேன், ஊரை ஏசினேன். நபீஸா ஒருநாளும் என்னை ஏசவில்லை.